ஈஸிசேரைச் சுற்றி

போன மாதம், நான் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் அனுபவத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். போனேன். நோயாளிகள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒரு பட்டையைக் காட்டினார்கள். எவ்வளவு நடந்தார், இதயம் எப்படித் துடித்தது, எல்லாம் இங்கே திரையில் வந்து விழுந்துவிடுகிறது. நான் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

"எந்தப் பக்கம் திரும்பி நடந்தாங்கன்னு இது சொல்லுமா?" என்று கேட்டேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும், "அது எதுக்கு மேடம்?" என்றாள்.

நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி மைக்கைச் சரிசெய்வதிலேயே போய்விட்டதால், பதிலை உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது சாந்தோம், இப்போதும் இருப்பது சாந்தோம். படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. எலும்பு, தசை, நரம்பு என்று பெயர்களை மனப்பாடம் செய்தேன், பரீட்சை முடிந்ததும் பாதியை மறந்தேன். வேலையில் சேர்ந்த பிறகு எங்கள் பிரிவின் தலைவரிடம்தான் உண்மையில் எதையாவது கற்றுக்கொண்டேன். அவரை நாங்கள் பெரிய டாக்டர் என்று சொல்வோம். உயரமான மனிதர், ஆனால் நாங்கள் அவரைக் குனிந்த கோலத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம்.

காரணம் செருப்பு. நோயாளிகள் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரிய டாக்டர் நேராக உள்ளே வரமாட்டார். வாசலில் குந்தி, ஒவ்வொரு ஜோடியாக எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். குதிகாலில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, கட்டைவிரலுக்குக் கீழே எவ்வளவு பள்ளம், இரண்டு செருப்பும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்தில் நாங்களும் குந்துவோம். அப்புறம் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் நோயாளிக்கு வணக்கம் சொல்வார்.

"ஐயோ டாக்டர், செருப்பைப் போய் நீங்க தொடறீங்களே!" என்று பதறுவார்கள்.

"உங்க காலையே தொடப்போறேன். செருப்புல என்ன வந்தது?" என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. நோயாளி என்ன சொன்னாலும் "அப்படியா?" என்பார். அதில் கிண்டல் இருக்காது, சந்தேகமும் இருக்காது. முதல்முறை யானையைப் பார்க்கிற குழந்தையின் முகத்தோடு கேட்டுவிட்டு, பேசாமல் காத்திருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நோயாளி மிச்சத்தையும் சொல்லிவிடுவார்.

ஒருமுறை தி. நகர் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர் குதிகால் வலி என்று வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாள் முழுக்க நிற்கிற வேலை, செருப்பு சரியில்லை போலிருக்கிறது, மாற்றச் சொல்லலாம் என்று நான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பெரிய டாக்டர் செருப்போடு உள்ளே வந்தார்.

"புதுசா வாங்கினீங்களா?"

"இல்ல சார், போன தீபாவளிக்கு எடுத்தது."

"அப்படியா?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "செருப்ப வாசல்லயே விட்டுருவோம் சார். சேலை விரிக்க மேடைலா, கால்ல போட்டுட்டு ஏற முடியாது. காலைல ஏறுனா ராத்திரி கடை அடைக்க வரைக்கும் வெறுங்காலோடதான் நிக்கோம்."

கடைக்கு நடக்க மட்டும் போட்ட செருப்பு எப்படித் தேயும்? அந்த ஊழியருக்குச் செருப்பை மாற்றிப் பயனில்லை. உள்ளே போட்டுக்கொள்ள ஒரு கெட்டிக் காலுறையும் அதற்குள் ரப்பர் மெத்தையும் வைத்துக் கொடுத்தோம். தேயாத செருப்பும் பேசும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மண்டப வாசலில் என் கண் கீழேதான் போகும். என் கணவருக்கு அது பெரிய மானக்கேடு.

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார், நான் மூத்தவளானேன், வருடங்கள் ஓடின. என் வேலையின் கடைசி வருடத்தில் ஊரடங்கு வந்தது.

புறநோயாளிப் பிரிவை மூடினார்கள். படுக்கைகள் எல்லாம் காய்ச்சல்காரர்களுக்குப் போயின. எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்களோ சர்க்கரைக்காரர்கள், இதயக்காரர்கள், நுரையீரல் சுருங்கியவர்கள். அவர்களுக்கு மருந்தில் பாதி மாத்திரை, மீதி பாதி நடை. கடற்கரையை அடைத்தாயிற்று, பூங்காக்களுக்குப் பூட்டு. இவர்கள் எங்கே நடப்பார்கள்? எங்கள் கையில் ஆளுக்கொரு போனைக் கொடுத்து, வீட்டுக்குள்ளேயே அவர்களை நடமாட வையுங்கள் என்றார்கள். நோயாளியைத் தொடாமல், நடையைப் பார்க்காமல், முக்கியமாகச் செருப்பைத் திருப்பாமல் பிசியோதெரபி செய்வது எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அதற்கு முன்பு எனக்குத் தெரிந்ததே இல்லை. நொச்சிக்குப்பத்தில் செல்வி என்று ஒரு மீன்காரம்மா, சர்க்கரை உள்ளவர். வீட்டுக்குள் நடங்கள் என்றதும் எகிறினார்.

"இன்னா டாக்டரம்மா, நடன்றே! எங்க நடக்கறது? கால நீட்னா எதுத்த செவுரு இடிக்குது. மீனும் விக்கக் கூடாதுன்ட்டாங்க. சும்மா குந்திக்கினு கீறேன்."

"வீட்டுக்குத் தண்ணி யாரு பிடிக்கிறா?"

"மருமவதான். பாவம், ஒண்டியா தூக்கிக்கினு வருது."

"நாளையிலேர்ந்து நீங்க போங்க. சின்னக் குடமா எடுத்துக்கோங்க."

"ஐயே! சக்கர வந்தவ தண்ணி தூக்கணுமா? நல்லா கீது ஒன் வைத்தியம்!"

திட்டிக்கொண்டேதான் செய்தார். மருமகள் என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டு நன்றி சொன்னாள்.

இப்போது விசாலம் மாமிக்கு வருகிறேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் குடியிருந்தார்கள், மாமியும் ரமணி மாமாவும் மட்டும். மாமிக்கு நெடுநாள் சர்க்கரை. பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. ஆணி ஏறினாலும் தெரியாது. அப்படித் தெரியாமல் போன ஒரு புண்ணில் வலது சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. "அடுத்த புண் வந்தா விரலோட நிக்காது, பார்த்துக்குங்க" என்று அறுவை சிகிச்சை டாக்டர் மாமாவிடம் சொல்லியிருந்தார்.

மாமா பார்த்துக்கொண்டார். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும் என்று மாமியை மிரட்டி வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் காப்பி ஆனதும் மாமி ஈஸிசேருக்கு எதிரே உட்கார்ந்து காலை நீட்டுவார். மாமா டார்ச் அடித்து, விரல் இடுக்கு வரைக்கும் பார்த்துவிட்டு, "கிளியர்" என்பார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்த வார்த்தையைக் கேட்டால்தான் மாமி எழுந்து சமையலறைக்குப் போவார்.

ஊரடங்கில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு வாங்கி, ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். மாமிக்குத் தொற்று இல்லை, ஆனாலும் வீட்டை விட்டு வரக்கூடாது என்று வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டார் கீழே வைக்கும் பாலையும் காய்கறியையும் மாமி பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கி எடுத்துக்கொண்டார். ஆக, அந்தக் காலைப் பார்க்க ஆளில்லை. குனிந்து தானே பார்க்க மாமிக்கு முதுகு வளையாது. கைக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லியிருந்தேன். பார்க்கிறேன் என்றார். அந்தக் கண்ணுக்குக் கண்ணாடியே சரியாகத் தெரியாது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

என்னிடம் இருந்தவர்களில் மாமிதான் மிக நல்ல பிள்ளை. சாப்பிட்டதும் கூடத்தில் கொஞ்சம் நடங்கள் என்றால், கொஞ்சம் அதிகமாகவே நடப்பார். ஒருநாள் போனில் பேசிக்கொண்டே வந்தவர், சிரித்தபடி சொன்னார்:

"ஸ்டெல்லா, ஒரு வேடிக்கை கேளுங்கோ. நேத்திலேர்ந்து இந்த இடது செருப்பு மட்டும் காலோட ஒட்டிக்கறது. கழட்டறச்சே சப்புனு ஒரு சத்தம். பாகு கொட்டின மாதிரி."

வலி தெரியாதவருக்குப் புண் இப்படித்தான் சேதி சொல்லும்.

"மாமி, வீடியோல வாங்க. இப்பவே."

மாமிக்கு வீடியோ பழக்கமில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் நான் ஒரு வைரத்தோட்டோடு பேசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவழியாக முகம் தெரிந்தது.

"காலை அப்பறம் காட்டலாம். முதல்ல செருப்பைத் திருப்பிக் காட்டுங்க."

"செருப்பையா? போன்லயா? கர்மம்!" என்றார். ஆனாலும் காட்டினார்.

இடது செருப்பில் கட்டைவிரலுக்குக் கீழே உள்பக்க ஓரம் மட்டும் பள்ளமாக, பளபளவென்று அழுந்தியிருந்தது. மேல்பக்கம் அதே இடத்தில் ஈரம். வலது செருப்பைத் திருப்பச் சொன்னேன். அதில் உள்பக்கம் புதிதுபோல இருந்தது, வெளி ஓரம் கரைந்திருந்தது. இத்தனை வருடத்தில் ஒரே ஆளிடம் இப்படி ஒரு ஜோடியை நான் பார்த்ததில்லை. போனைத் தரையில் மல்லாத்தி வைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, காலை அதற்கு மேலே தூக்கச் சொன்னேன். கொப்புளம் உடைந்து, எட்டணா அகலத்துக்குச் சிவந்திருந்தது. நல்ல வேளை, ஆழமில்லை.

"என்ன ஸ்டெல்லா, பேச மாட்டேங்கறேள்?"

"சின்னப் புண் மாமி. உக்காருங்க. இனி நான் சொல்ற வரைக்கும் நடக்கக்கூடாது."

மாமி உட்கார்ந்தார். சிரிப்பு போய்விட்டது. "நடக்கலேன்னா சக்கரை ஏறிடும், கால் போயிடும்னேள். இப்போ நடந்தா கால் போயிடும்ங்கறேள். நான் என்னதான் பண்றது? அவர் திரும்பி வரச்சே நான் ஒத்தைக் காலோட நின்னா அவருக்கு எப்படி இருக்கும்?"

மாமியைப் பார்க்க ஓட முடியாது. அறுவை சிகிச்சை டாக்டரைப் போனில் பிடித்து மருந்து எழுதி வாங்கினேன். வட்டாரச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் தகரத்தை நகர்த்திக்கொண்டு உள்ளே போனார். தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் வேர்த்து ஊற்ற, அந்தப் பெண் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நான் சொல்லச் சொல்லச் செய்தார். கெட்டியான ஃபெல்ட் துணியைப் பாத அளவுக்கு வெட்டி, புண் வரும் இடத்தில் மட்டும் அரைவட்டமாக எடுத்துவிட வேண்டும். சுற்றியுள்ள இடம் பாரத்தைத் தாங்கும், புண் அந்தரத்தில் இருக்கும். ஓரம் கூர்மையாக இருந்தால் அதுவே இன்னொரு புண்ணைக் கொண்டுவரும், அதனால் கத்தரியைச் சாய்த்துப் பிடித்துச் சரிவாக வெட்டச் சொன்னேன். பொறுமையான பெண். இரண்டு தடவை பிடிக்காமல் தானே கிழித்துப் போட்டுவிட்டு, மூன்றாவதை ஒட்டினார்.

கட்டுப்போட்டாயிற்று. ஆனால் எனக்கு ஓடிக்கொண்டிருந்த கேள்வி வேறு. இடதில் உள்பக்கம், வலதில் வெளிப்பக்கம். ஏன்? அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானே நடந்து பார்த்தேன். நேராக நடந்தால் அப்படித் தேயாது. எந்நேரமும் ஒரே பக்கமாக, வலப்பக்கமாக, இறுக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் மட்டும் பாரம் அங்கே போய் விழுகிறது. "என்னத்தைத் தொலைச்ச?" என்று என் கணவர் கேட்டார். உடனே மாமியைக் கூப்பிட்டேன்.

"மாமி, கூடத்துல எப்படி நடந்தீங்க?"

"எப்படின்னா? நடுவுல அவரோட ஈஸிசேர் இருக்கு. அதைச் சுத்தித்தான்."

"எந்தப் பக்கமா?"

"இதென்ன கேள்வி? வலமாத்தான்."

"எப்பவுமேவா?"

"பின்னே? எடமா யாராவது சுத்துவாளா?"

எனக்குத் தெரியாது. மயிலாப்பூர்க் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் அறுபது வருடமாக இருக்கிறேன். தேர் பார்த்திருக்கிறேன், அறுபத்துமூவர் கூட்டத்தில் நசுங்கியிருக்கிறேன். ஆனால் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள் என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

"அப்படியா?" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, தானாக வந்தது. சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"சேர் ஒண்ணும் ஸ்வாமி இல்லை. அதான் செருப்போட சுத்தறேன். ஆனா எடமா சுத்தறது வேற காரியத்துக்கு, ஸ்டெல்லா. மயானத்துல அப்படித்தான் சுத்துவா. அவர் அங்கே ஆக்ஸிஜன்ல படுத்துண்டிருக்கார். இங்கே அவர் சேர் காலியா இருக்கு. அதை நான் எடமா சுத்தவா?"

அந்தச் சின்னக் கூடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. சர்க்கரைக்காக மட்டும் சுற்றினால் அவ்வளவு நேரம் யாரும் சுற்றமாட்டார்கள்.

நாள்கள் இழுத்துக்கொண்டு போயின. தகரத்தை எடுத்துவிட்டார்கள், மாமா மட்டும் வரவில்லை. மாமி நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கினார், தண்ணீர் நிறைத்த செம்பைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்கினார். புண் மெல்ல மூடியது. மறுபடி நடக்கத் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்குத்தான் பயம். அதே சேரை அதே பக்கமாகச் சுற்றினால் அதே இடம் மறுபடி உடையும். சேரை ஓரமாகத் தள்ளிவிட்டு நேராக நடக்கச் சொன்னேன். அது மாமா வைத்த இடம், நகராது என்றார். மொட்டை மாடிகளில் எல்லோரும் நடக்கிற மாதிரி எட்டு வடிவத்தில் நடக்கச் சொன்னேன். "எட்டுல பாதி எடமாத்தானே வரும்? நான் கணக்கு டீச்சரா இருந்தவ" என்று சிரித்தார். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"சரி மாமி. உங்க கோயில்ல எப்பவுமே, யாருமே இடப்பக்கமா நடக்கறதில்லையா?" என்று கேட்டேன். சத்தியமாக வழி தேடிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டேன்.

"இல்லவே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இருங்கோ. பிரதோஷத்தன்னிக்கு உண்டு!"

குரலே மாறிவிட்டது. பிரதோஷ சாயங்காலம் சிவனை முழுசாகச் சுற்றமாட்டார்களாம். அபிஷேகத் தண்ணீர் வெளியே வருகிற கோமுகியைத் தாண்டக்கூடாதாம். அதுவரை போய், வந்த வழியே திரும்பி, கோமுகியின் மறுபக்கம் வரை சுற்றிப் போய், மறுபடி திரும்பி வரவேண்டுமாம். "பாதி நடை எடமாத்தான் வரும். அது தோஷமில்லை, ரொம்ப விசேஷம். அதுக்குப் பேரே தனி, சோமசூக்தப் பிரதட்சிணம். பரமேஸ்வரன் விஷத்தைக் குடிச்சு எல்லாரும் பொழைச்ச நேரம் அது. பொழைக்கறதுக்குத்தானே நானும் நடக்கறேன்?"

"கோமுகிக்கு என்ன பண்ணுவீங்க?"

"செம்புத் தண்ணி இருக்கே! அதைச் சேருக்கு வடக்கே வெச்சுடறேன். தாண்ட மாட்டேன்."

நான் என் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். செம்புக்கு முன்னால் திரும்பும்போது ஒரு காலை ஊன்றிச் சுழலக்கூடாது. நின்று, சின்னச் சின்னதாக அடி வைத்து, உடம்பு முழுக்கத் திரும்ப வேண்டும். "கோயில்லயும் அப்படித்தான் திரும்புவோம், கூட்டம் தள்ளினாலொழிய" என்றார். வாரத்துக்கு ஒருமுறை செருப்பைப் போனில் காட்டினார். கர்மம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். இரண்டும் ஒரே மாதிரி தேயத் தொடங்கியிருந்தன.

மாமா ஒருவழியாக வீடு திரும்பினார். நான் ஓய்வு பெற்ற வாரத்தில் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வாசலில் செருப்புகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மணி அடித்தேன்.

மாமா பாதியாகியிருந்தார். நுரையீரல் பழையபடி விரிய அவரும் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். நான் போனபோது மாமி முன்னால், மாமா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால், செம்பு வரை போய், சின்ன அடியாக வைத்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாமி முக்காலியில் உட்கார்ந்து, நான் கேட்காமலே காலை நீட்டினார். மாமா மூச்சு வாங்கிக்கொண்டே எதிரே உட்கார்ந்து டார்ச் அடித்தார். விரல் இடுக்கு, குதிகால், பிறகு கட்டைவிரலுக்குக் கீழே அந்த வெளுத்த தழும்பு.

"கிளியர்" என்றார்.

மாமி எழுந்தார். மாமாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறுபடி அவர் பின்னால் போய் நின்றார்.

"சேர்ல உக்காந்திருந்தவரே கூட நடக்க ஆரம்பிச்சுட்டாரு. இப்போ நடுவுல யாரைச் சுத்தறீங்க மாமி?" என்று சீண்டினேன்.

மாமி திரும்பி ஈஸிசேரைப் பார்த்தார்.

"அப்போவும் காலியாத்தான் இருந்தது, ஸ்டெல்லா. பார்க்கவே பயமா இருக்கும்" என்றார். தோளில் இருந்த மாமாவின் கையை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டார். "இப்போவும் காலியாத்தான் இருக்கு. நன்னா இருக்கட்டும். ஏன்னா, நீங்க வாங்கோ, அடி எடுத்து வையுங்கோ."